விளக்கு எரியுது தம்பி

நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் பேயைக் கண்டால்கூட நின்று குசலம் விசாரிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்தியைக் கண்டு தொண்டை வறளாத ஓர் ஆளை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

அந்தி என்பது அவர் பெயரல்ல, ஊர் வைத்த பட்டம். ஒரு பைனான்ஸில் கடன் வசூலிப்பவர். மற்ற வசூல்காரர்கள் காலையில் வந்து தெருவே கேட்கக் கத்துவார்கள். இவர் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் காசை வெளியே கொடுக்க மாட்டார்கள். தெரிந்துதான் வருவார்.

"பணம் வேணாம்மா, வெள்ளிக்கிழமை. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். வாசற்படியைத் தாண்ட மாட்டார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சட்டை, மணியில்லாத சைக்கிள். மார்கழிப் பனியில் வயலோரமாக வரும்போது சட்டை மட்டும் மிதந்து வரும். நாய்கள் குரைக்காமல் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுக்கும். அவர் போனபின் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. சனிக்கிழமை காலை பைனான்ஸ் வாசலில் கூட்டம் நிற்கும்.

ஏன் அந்த நேரம் என்று ஒருமுறை டீக்கடையில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"விளக்கு வச்சா மகாலட்சுமி வரணும்னு வாசக்கதவைத் திறந்து வைப்பாங்க தம்பி. மத்த நேரத்துல போனா எல்லா வீடும் பூட்டித்தான் கெடக்குது."

மளிகைக்கடைக்காரர் ஒருவர் அந்தத் திறந்த கதவுக்குப் பின்னாலேயே ஒளிந்து பார்த்தார். அந்தி கதவைப் பார்த்து, "அண்ணே, சுண்ணாம்பு முதுகுல ஒட்டிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மளிகைக்காரருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

நானும் அந்த பைனான்ஸில் கடன் வாங்கி, ஏஜென்டுக்குக் கட்டி, கத்தார் போனவன்தான். அப்பா இல்லை. வயல் நடுவே தனியாக நிற்கும் வீட்டில் அம்மா மட்டும். போன இடத்தில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, தவணை நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள் பிரியாணித் தூக்கத்தில் கிடந்தபோது போன் அடித்தது.

"விளக்கு எரியுது தம்பி. அம்மா பச்சைப் புடவை." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை: "விளக்கு எரியுது தம்பி. அம்மா இருமுறாங்க." தவணையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒண்டியாக இருக்கிற அம்மாவை இந்த ஆள் என்ன செய்வானோ! நம்பரை பிளாக் செய்தேன். வேறொரு நம்பரிலிருந்து விளக்கு எரிந்தது. அறையிலிருந்த கும்பகோணத்துக்காரன், "டேய், அந்தாளு காலைப் பாத்திருக்கியா? தரையில படுதா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு, "சாயங்காலம் கதவைச் சாத்தி வைம்மா" என்றேன்.

"விளக்கு வச்ச நேரத்துலயா? கத்தார் போயி புத்தி கெட்டுப்போச்சாடா? அவர் பாட்டுக்கு நிக்கறாரு, போறாரு. காபி வேணுமான்னா, பாக்கி இருக்கற வீட்டுக்குள்ள குடிக்கறதில்லைங்கறாரு. அதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

"தம்பி, விளக்கு எரியல. கதவு சாத்தியிருக்கு."

"எங்கம்மாவை என்னய்யா பண்ணுன?" என்று அலறினேன்.

"கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல. பாக்கி இருக்கற வீட்டுக் கதவை நான் தொடக்கூடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உடைக்கறேன்."

"உடைங்க!"

கதவு பிளக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்த மனிதருக்குக் காலடிச் சத்தமே இல்லை. இருட்டு வீடு மட்டும் போனுக்குள் கேட்டது. கடைசியில், எங்கேயோ அடியில் அம்மாவின் முனகல்.

"யாரு, அந்தியா? வாங்க."

மத்தியானமே குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்திருக்கிறாள். அந்தி அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இவங்க உங்களுக்கு என்ன உறவு என்று அங்கே கேட்டதற்கு, "எங்க பாக்கிங்க" என்றாராம்.

சம்பளம் வந்ததும் லீவு போட்டு ஓடிவந்தேன். அவரைப் பிடித்து, "அப்ப வாராவாரம் எதுக்குங்க எனக்கு போன் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பயமுறுத்தத்தான் தம்பி, தொழிலாச்சே. அப்புறம் என்னமோ, அந்த விளக்கைப் பாக்காம வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வரல."

மொத்தக் கடனையும் அடைக்கப் பணத்தோடு கிளம்பினேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அடைச்சிடாதடா. அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு வருவாரு?"

ஒரு தவணையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டுக் கத்தார் திரும்பினேன். வட்டி ஓடினால் ஓடட்டும். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மா தடியூன்றி விளக்கேற்றி, வாசற்படியில் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள். வாசற்படி வீட்டுக்குள் சேராது என்பது அவள் கட்சி. சைக்கிள் சத்தம் கேட்காது, நாய் குரைக்காது. திரும்பிப் பார்த்தால் டம்ளர் காலியாக இருக்குமாம்.

அந்தி, எங்கள் வீட்டில் இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது. மறக்காமல் வந்துவிடுங்கள்.