பெயரில்லாதோர் பெட்டி

‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு உலகில் முதன்முதலாகச் சரியான பொருள் கண்டவர்கள் ஞானிகள் அல்லர், குடிவரவு அதிகாரிகள். எதுவும் நிலையில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு ஞானிகள் போய்விட்டார்கள். எந்தத் தேதியிலிருந்து நிலையில்லை என்பதை அதிகாரிகள்தான் சுற்றறிக்கை போட்டுத் தெரிவிக்கிறார்கள்.

நான் விவரம் தெரியாமல் பேசவில்லை. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடமாகப் பெரிய கிளாக்கராக இருக்கிறேன். ஒழுங்கின் அருமை எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்து இராமையாவின் மகள் நிஷாந்தி ஒரு குளிர்நாட்டில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். எட்டு வருடம் காத்திருந்து ‘நிரந்தர வதிவிட உரிமை’ வாங்கியவர். அப்பா செத்துப்போனார் என்று கேள்விப்பட்டதும், நான்கு வயது மகளைக் கணவன் வினோஜனிடம் விட்டுவிட்டு மூன்று வாரத்துக்கு ஓடி வந்தார். அவர் விமானம் ஏறியபோது, ஆறு மாதம் வரை வெளியே இருக்கலாம் என்பது சட்டம். கருமாதி அன்று சட்டம் மாறிவிட்டது. சடங்கு முடிந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தால், பிறந்த நாட்டில் நிரந்தர முகவரி இருப்பதை நிரூபித்தால்தான் மறுபடி உள்ளே விடுவார்களாம்.

என்ன ஒரு தீர்க்கதரிசனம்! நாளை ஒருவரைத் திருப்பி அனுப்புவதென்றால், எங்கே அனுப்புவது என்று இன்றே தெரிந்திருக்க வேண்டாமா?

நிஷாந்தி அலுவலகத்துக்கு வந்தார்.

“ஐயா, நாங்க இங்க நிரந்தரமா குடியிருக்கோம்னு ஒரு லெட்டர் வேணுங்க.”

“முகவரி என்னம்மா?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே. ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா.”

“அது முகவரி இல்லம்மா. லயத்து அறையெல்லாம் தோட்டத்துச் சொத்து. வேல செய்யிற வரைக்கும் தற்காலிகமா தங்கிக்கலாம், அவ்வளவுதான்.”

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இருந்து அங்கதாங்க இருக்கோம். நூத்தம்பது வருஷமாவா தற்காலிகமா இருக்கோம்?”

“ரெக்கோட்ல அப்படித்தான் இருக்கு.”

உண்மையை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. ‘மேற்படியாரின் குடும்பம் நூற்றைம்பது ஆண்டுகளாக இத்தோட்டத்தில் தற்காலிகமாக வசித்து வருகிறது’ என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக அழகான வாக்கியம் அது.

குளிர்நாட்டு அலுவலகத்தாரும் அதை மதித்தார்கள். ஆனால் முகவரி மெய்தானா என்று பார்க்க வேண்டுமே! இரகசிய எண் ஒன்றைத் தபாலில்தான் அனுப்புவார்களாம். பதினான்கு நாளுக்குள் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து ஒழுங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் அலுவலகத்துக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கூடும்போது, வேலையாட்கள் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவோம். கடிதம் இருந்தால் அப்போதே கொடுப்போம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களின் கடிதங்களுக்கென்று பூட்டுப்போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது.

நிஷாந்தியின் கடிதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. நானே என் கையால் பெட்டியில் வைத்தேன்.

அவர் தினமும் வந்து ஜன்னலோரம் நிற்பார்.

“லெட்டர் வந்துச்சுங்களா ஐயா?”

“பெரட்டுல ஒங்க பேரக் கூப்பிட்டாங்களாம்மா?”

“இல்லீங்க.”

“அப்ப வரல.”

மாதக் கடைசியில் தூசு தட்டப் பெட்டியைத் திறந்தபோது கடிதத்தைக் கண்டு, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர்கள் எண்ணை அனுப்பி அன்று பத்தொன்பதாம் நாள். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. அது எனக்கு என்னவோ போலிருந்தது.

“பாப்பா பொறந்தநாளுக்கு வந்துருவேன்னு சொல்லியிருந்தேங்க” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மேன்முறையீடு போடுறேன். அடுத்த லெட்டர் என் கையில கெடைக்கணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“பேர் பதியணும்.”

“பதிஞ்சுக்கங்க.”

இப்படியாக, வெளிநாடொன்றின் நிரந்தர வதிவாளர், ஒரு கடிதம் வாங்கும் தகுதிக்காகக் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனார். அட்டைக்கடியோடும் மழையோடும் தினமும் பெரட்டில் முதல் ஆளாக நின்றார். எட்டாம் நாள் நானே உரக்கக் கூப்பிட்டேன்.

“நிஷாந்தி! இராமையா மகள்! கடிதம்!”

எண் பத்திரமாக இருந்தது. கூடவே ஒரு சிறு குறிப்பும் இருந்தது: சென்ற செவ்வாய் முதல் சட்டம் மாறியிருக்கிறது. வேறு நாட்டில் வேலை செய்பவர் வதிவிட உரிமையைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். எங்கும் வேலை செய்யவில்லை என்று உறுதிக்கடிதம் அனுப்பினால், முடிவு தபாலில் வரும்.

“என் பேர வெட்டிருங்க ஐயா” என்றார் நிஷாந்தி.

“தாராளமா வெட்டலாம். வெட்டிட்டா, முடிவு வர்ற லெட்டர எப்படிம்மா குடுக்குறது?”

அவர் கூடையை இறக்கி வைத்தார். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்திய தடம் சிவந்திருந்தது.

“அவங்க வாரத்துக்கு ஒருக்கா சட்டத்த மாத்துறாங்க ஐயா. என்னைக்காவது ஒரு நா எனக்கு நல்லதா மாறும்னு நெனச்சுக்கலாம். நீங்க நூத்தம்பது வருஷமா ஒண்ணையும் மாத்தலியே.”

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஒழுங்கை இவ்வளவு சுருக்கமாக யாரும் புகழ்ந்ததில்லை.

மாலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இன்னும் பதினொரு பேருடைய கடிதங்கள் இருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.