ஒரு விண்ணப்பம், மூன்று கையெழுத்து

விண்ணப்பப் படிவத்தை ஒழுங்காக நிரப்பத் தெரிந்தவனை இந்த நாட்டில் யாராலும் அசைக்க முடியாது என்று நம்பி, பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இப்போது ஓய்வூதியம் வாங்குகிறேன். நம்பிக்கை மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டது, என் மகள் கவிதாவை முதலாம் தரத்தில் சேர்க்கப் போன அன்று.

நான் பிறவியில் இடது கைக்காரன். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தேன். ஐந்து வயதில், விஜயதசமியன்று, தோட்டத்துக் கோயிலில் ஏடு தொடக்கினார்கள். தட்டில் பரப்பிய அரிசியை நோக்கி இடது கையை நீட்டினேன். பூசாரி அதைத் தட்டிவிட்டார். "சரஸ்வதிக்கு முன்னால பீச்சாங்கையவாடா நீட்டுற?" மீதியைப் பாடசாலை வாத்தியாரின் பிரம்பு பார்த்துக்கொண்டது. அன்று முதல் வலது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து, பெரகல மலைப்பாதை வளைவில் சறுக்கிய லாறியைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும். (வீட்டில் மரக்கறி நறுக்குவது இடது கையால்தான். அலுவலகத்துக்கு அது தெரியாது.)

கவிதாவும் இடது கை. நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் மனைவி ஒரு செய்தியோடு வந்தாள்.

"ஏங்க, அந்த ஸ்கூல்ல பீச்சாங்கைப் பிள்ளைங்கள எடுக்க மாட்டாங்களாம். கோயில் தலைவர் ஒருத்தரு போர்டுல இருக்காராம்."

"கல்வி அமைச்சு சுற்றுநிருபத்துல கையைப் பத்தி ஒரு வரி கிடையாது. வீடு எவ்வளவு தூரம்னுதான் பார்ப்பாங்க."

"எல்லாத்தையும் சுற்றுநிருபத்துலயா எழுதுவாங்க?"

சுற்றுநிருபத்தை மனப்பாடமாக வைத்திருந்தவனையே அந்தக் கேள்வி கலக்கிவிட்டது.

மறுநாள் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: அதிபர் அம்மா, ஓர் ஆசிரியை, நெற்றி நிறையத் திருநீறோடு பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர். கவிதாவை என் வலப் பக்கம் உட்காரவைத்தேன். மேசைக்கடியில் அவளுடைய இடது மணிக்கட்டை என் வலது கையால் பிடித்துக்கொண்டேன். எதைக் கொடுத்தாலும் அவள் வலது கையால்தான் வாங்கியாக வேண்டும். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

வீடு பக்கம்தான் என்று காட்ட, வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், கிராம சேவகர் சான்றிதழ் எல்லாவற்றையும் இடது கையாலேயே எடுத்து நீட்டினேன். அரை மணி நேரம் போனது. "அப்பா, கை வலிக்குது," என்று கவிதா முணுமுணுத்தாள். நான் இன்னும் இறுக்கினேன்.

புள்ளிகள் தாராளமாக வந்தன. இடம் உறுதி. "இந்தப் புள்ளிகள ஏத்துக்கிறதா ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா," என்று அதிபர் பேனாவை நீட்டினார்.

வலது கைக்கு வேலை இருந்தது. அதை விட்டால் பிள்ளையின் இடது கை மேசைமேல் வந்துவிடும். வேறு வழியில்லாமல் இடது கையால் போட்டேன். அப்படி ஓர் அழகான கையெழுத்தை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை.

அதிபர் விண்ணப்பத்தைப் பார்த்தார். புள்ளித்தாளைப் பார்த்தார். அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார்.

"விண்ணப்பத்துல இருக்கிறது யாரு போட்டது?"

"நான்தாங்க."

"அப்ப இது?"

"அதுவும் நான்தாங்க."

"இன்னொருக்கா போடுங்க பார்ப்போம்."

வலது கையை விடுவித்தேன். அரை மணி நேரம் இறுக்கிப் பிடித்ததில் அது மரத்துப்போயிருந்தது. மூன்றாவதாக வந்த கையெழுத்துக்கு முதல் இரண்டில் எதனோடும் உறவில்லை. பெரியவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மூணு அப்பா போல இருக்கே அம்மா."

இதற்குள் விடுதலையான கவிதா, மேசையில் கிடந்த பேனாவை இடது கையால் எடுத்து என் கோப்பின் அட்டையில் பூ வரையத் தொடங்கியிருந்தாள். "கை! கை!" என்று பாய்ந்தேன்.

"விடுங்க ஐயா," என்றார் அதிபர். "பிள்ளை எந்தக் கையால வரைஞ்சா எங்களுக்கு என்ன? எங்களுக்கு உங்க கைதான் பிரச்சினை."

"என் பேரனும் பீச்சாங்கைதான். இங்கதான் படிக்கிறான்," என்றார் திருநீற்றுப் பெரியவர்.

அதிபர் நல்லவர். வழியும் சொன்னார். நான் இடது கைப் பழக்கம் உள்ளவன், எல்லாம் என் கையெழுத்துத்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். "ஒரு வரி போதும் ஐயா."

அந்த ஒரு வரிதான் எனக்கு வரவில்லை. பூசாரியும் வாத்தியாரும் அடித்து மறைத்ததை, முத்திரை குத்திய தாளில் நானே ஒப்புக்கொள்வதா? அதற்குப் பதிலாக, கையெழுத்துகள் ஒத்திருக்க வேண்டும் என்று சுற்றுநிருபத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை என ஒன்பது பக்கத்தில் மேன்முறையீடு எழுதினேன். பிரிவு இலக்கம் ஒன்றுகூடப் பிழையில்லை. வெள்ளிக்கிழமை போயிற்று. இடமும் போயிற்று.

கவிதா இரண்டு பஸ் மாறிப் போகும் சின்னப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தாள். முதல் நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்:

"அப்பா, என் கையாலதானே அந்த ஸ்கூல் கிடைக்கல?"

இல்லை, என் கையால்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு வரிதான். நான் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் அவளாகவே வலது கையால் எழுதத் தொடங்கினாள். பூசாரியும் தேவைப்படவில்லை, பிரம்பும் தேவைப்படவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது மனைவிதான் உண்மையை உடைத்தாள். கவிதா அழுவாள் என்று பயந்தேன். சிரித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.

ஓய்வூதியக்காரன் உயிரோடிருப்பதை வருடத்துக்கு ஒரு தடவை படிவத்தில் நிரூபிக்க வேண்டும். எனக்குக் கண் மங்கிவிட்டதால் கவிதாதான் நிரப்புகிறாள். இந்த வருடமும் பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு கையும் உயிரோட இருக்குன்னு எழுதவாப்பா, இல்ல ஒண்ணு மட்டுமா?"

மருமகன் சிரித்தார், மனைவி சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு படிவத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். விபரங்கள் எல்லாம் சரி. எழுத்து மட்டும், என்னுடையதைப் போலவே, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.