இல்லாத மாட்டுக்கு வந்த கழுநீர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
12-6-1972.

இல்லை அத்தை, மாடு வாங்கவில்லை. சினையும் இல்லை, கன்றும் இல்லை. கட்டுவதற்கு இடமும் இல்லை. தறி போக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாதாம், முதலில் நலம் விசாரிக்க வேண்டுமாம். அப்பா சொல்கிறார். எழுதியதை அடிக்க மனமில்லை. ஆகவே இங்கே விசாரிக்கிறேன். தென்னேரியில் நீங்களும் மாமாவும் நலமா. ஏரியில் தண்ணீர் நிற்கிறதா. உங்கள் முழங்கால் படி ஏற விடுகிறதா. இங்கே அப்பா, அம்மா, நான், தறி, எல்லோரும் சௌக்கியம்.

சொல்பவர் அப்பா. எழுதுபவள் உங்கள் மருமகள் இந்திராணி. உங்கள் தம்பிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே சொல்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலையின் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறேன். ஒரு வாக்கியம் சொல்வார், நாடா தள்ளுவேன், பேனா எடுப்பேன். இடையில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அது சேலைக்குள் போயிருக்கும்.

மகள் பி.ஏ. முடித்துவிட்டுப் பதினாலு மாதமாக வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். கரைப்பக்கம் கூலிக்கு உட்கார்ந்துகொண்டிருந்த பழனியை நான் படிப்பு முடித்து வந்த மறுவாரமே நிறுத்திவிட்டார் என்பதை எழுதச் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

சும்மா இருப்பவளுக்கு எவ்வளவு செலவு தெரியுமா என்று உங்களைக் கேட்கச் சொல்கிறார். தபால்தலை, விண்ணப்பத்தாள், போட்டோ. ஒரே போட்டோ, பதினோரு பிரதி, பதினோரு ஆபீஸ். சிரிக்காதே என்று ஸ்டூடியோக்காரர் கடைசி நொடியில் அதட்டியதில் அழுகிற மாதிரி விழுந்துவிட்டேன். இந்த முகத்தைப் பார்த்து எவன் வேலை கொடுப்பான் என்பது அப்பாவின் கேள்வி. வேறு முகம் எடுக்க இந்த மாதம் வழியில்லை என்பது அம்மாவின் பதில். காபி ஒரு வேளையாகிவிட்டது. அதிலும் பாலைக் குறைத்துக் குறைத்து, இப்போது சூட்டை வைத்துத்தான் காபி என்று கண்டுபிடிக்கிறோம்.

இனி மாட்டு விஷயம். விண்ணப்பத்தோடு வைக்கிற சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், நமக்கு அப்படி யாரையும் தெரியாது, விசாரித்துப் பார்த்ததில் நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரே ஆபீசர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்று தெரிந்தது, போய் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஒரு சினைப்பசு, பின்னால் ஒரு எருமை, மாடு இல்லாமல் வந்தவள் நான் ஒருத்திதான், டாக்டர் பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு என் மார்க்குகளைப் பார்த்தார், நல்ல மார்க் என்றார், பச்சை மையில் கையெழுத்துப் போட்டார், அதுவரை ஒன்றுமில்லை, ஆனால் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்திருந்த எதிர்வீட்டுக் கமலவேணி அக்கா என்னைப் பார்த்துவிட்டார், நான் அந்தப் பசுவுக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றேனோ தெரியாது, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மாடு வாங்கிவிட்டீர்களாமே என்று கேட்டார், அம்மாவோ எனக்கு உத்தியோக உத்தரவு வந்துவிட்டது, எந்த ஊர் என்பதுதான் பாக்கி என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், இப்போது போய் மகள் இன்னும் விண்ணப்பம்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வாள், வேலையில்லாத மகளைவிட மாடு கௌரவம் என்று ஒரு நொடியில் முடிவு செய்து, நேரம் வரும்போது எல்லாருக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை வாசலில் கழுநீர்.

முதலில் ஒரு வாளி. பிறகு நான்கு. பின்சந்து வழியாக ஓட்டிவந்து கொல்லையில் கட்டியிருப்போம், கண் பட்டுவிடும் என்று காட்டாமல் இருக்கிறோம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். தினமும் அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், ஒரு நாள் புண்ணாக்கு. முனைக்கடையில் சைக்கிள் பழுது பார்க்கும் ஹனீஃபா பாய், மாட்டின் கழுத்துக்கு என்று ஒரு பழைய சைக்கிள் மணியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் மனைவி மெஹதாப், கன்று போட்டதும் சீம்பாலில் தனக்கு ஒரு செம்பு என்று சொல்லி வைத்தார். அப்படிச் சொல்லி வைத்தவர்கள் இதுவரை ஒன்பது பேர். எந்தப் பசுவுக்கும் அவ்வளவு சுரக்காது.

கழுநீரை என்ன செய்வது. ஊற்றியவர்கள் முகத்தை நினைத்துக் கொட்டிவிடவும் முடியவில்லை. கொல்லையில் இருக்கும் ஒற்றை முருங்கைக்கு விட்டோம். அது மதம் பிடித்தாற்போல் தழைத்துவிட்டது. ஐந்து நாளாகக் கீரைப் பொரியல், கீரைக் குழம்பு, கீரை அடை. நான் வேலை தேடியதில் இந்த வீட்டுக்கு வந்த ஒரே வரவு இதுதான்.

செய்தி பஸ் ஏறித் தென்னேரிக்கும் வந்துவிட்டது என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. பெண்ணோடு சினைப்பசுவும் வருகிறதாமே என்று கலியன் வீட்டில் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா அதைப் படிக்கக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. சிரித்தாளா அழுதாளா என்று பார்க்கப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கலியன் நல்லவர் என்றே கேள்வி. மாமாவின் தம்பி மகன், ஏரிப்பாசன நிலம், பம்ப்செட், டிரான்சிஸ்டர். உங்கள் கடிதத்தில் நிலம் ஒரு முறையும் டிரான்சிஸ்டர் மூன்று முறையும் வருகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. அவரும் மாட்டைப் பார்த்ததில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து பேராகப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெட்ராஸில் எனக்கு எழுத்துப் பரீட்சை. குமாஸ்தா வேலை. ஹால் டிக்கெட் சனிக்கிழமை வந்தது. பதினோரு விண்ணப்பத்தில் பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான். இதை எழுத வேண்டாம் என்றார் அப்பா. அதற்குள் எழுதிவிட்டேன்.

அப்பா சொல்வது இது. வெள்ளிக்கிழமை அனைவரும் தவறாமல் வரவும். கேசரி உண்டு. மாடு இல்லை. பரீட்சை இன்னொன்று வரும். தேடி வருகிற மாப்பிள்ளை இன்னொருவர் வருவாரா என்பது தெரியாது. பெண் சம்மதிப்பாள்.

ஒரு சொல்லும் மாற்றவில்லை அத்தை. பேனா என் கையில். மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. நாடாவை மட்டும் இரண்டு முறை தவறவிட்டேன். அப்பா கவனித்தார்.

ஏரி நிரம்பவும் உங்கள் முழங்கால் சொன்னபடி கேட்கவும் ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்ளும்,
தங்கள் தம்பி
துரைக்கண்ணு
(கையெழுத்து அவருடையதுதான்.)

பின்குறிப்பு: மாடு இல்லை என்பதைத் தவிர மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

கையெழுத்துப் போட்டதும் முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். எருமை வந்த இடத்தில் சிரித்தார். சைக்கிள் மணிக்கு இருமல் வரும்வரை சிரித்தார். ஹால் டிக்கெட் வந்த இடத்தில் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றதை ஏன் எழுதினாய் என்றும் கேட்கவில்லை. பெண் சம்மதிப்பாள் என்பதைப் படிக்கும்போது தறி நின்றிருந்தது.

“அந்த ஆபீஸ்ல ஒக்கார நாற்காலி குடுப்பாங்களாமா?” என்றார்.

குடுப்பாங்கப்பா என்றேன்.

குழியிலிருந்து கால்களை மேலே எடுத்துத் தரையில் நீட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தார்.

“வெள்ளிக்கெழம தறிக்கு லீவுன்னு எழுதுமா.”

“அவங்கள வரச்சொல்லட்டா, வேணாமாப்பா?”

“நாம ஊர்லயே இருக்கப் போறதில்ல. வந்து யாரப் பாக்கறது, தறியவா?”

அடுப்படியிலிருந்து அம்மா, “மெட்ராசுக்கு நானும் வரேன். கழுநீர் எடுத்துக்கினு வர்றவங்களுக்கு ஒரு நாளாவது எதிர்வீட்டுக் கமலவேணி பதில் சொல்லட்டும்” என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை வர வேண்டாம். கலியன் வீட்டாரிடம் கோபம் எதுவும் இல்லை. பரீட்சை முடிவு தெரிந்த பிறகு, பெண்ணை மட்டும் பார்ப்பதானால், எந்த நாளும் வரலாம், டிரான்சிஸ்டரையும் எடுத்து வரலாம் என்று சொல்லச் சொன்னார். எனக்கு வேலை கிடைத்தால் பழனியை மறுபடி கூப்பிட்டுக்கொள்வதாகவும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

இன்லண்டில் இதற்கு மேல் இடமில்லை. கோந்து தடவிய ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(ஒட்டிய பிறகு வெளிப்பக்கம், அனுப்புநர் முகவரிக்குக் கீழே. தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.) பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்டேன். மெட்ராஸுக்கு முதல் பஸ் காலை நாலே காலுக்கு. மூன்று பேர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.