தோற்றவர்களுக்கு இன்னொரு சுற்று

முதலாளியின் மகன் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போனான். உதவி மேலாளர் பதறிப்போனார்.

மெத்தையும் சோபாவும் விற்கும் அந்தக் கடையின் மேல்மாடியில் அன்று வட்டாரத் தகுதிப் போட்டி. கணினியில் ஆடுவதுதான், ஆனால் ஜெயிக்கும் அணி சர்வதேசப் போட்டிக்கு விமானம் ஏறும். மொத்தம் எட்டு அணிகள். மகன் ஒரு அணிக்குத் தலைவன். மற்ற ஏழு அணிகளையும் பலமானவையாகப் பார்த்து முதலாளியே கூப்பிட்டிருந்தார்.

மேலாளர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். தன் பதவியில் பல வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கும் 'உதவி'யை உரித்தெடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று, போட்டியை நடத்தும் பொறுப்பை உதவி மேலாளர் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு வாரமாக உலகப் போட்டிகளின் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்திருந்தார். ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. விதிமுறைகள் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

மூலையில் நின்ற முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெற்ற மனம் துக்கத்தை எப்படி மறைக்கிறது என்று உதவி மேலாளர் உருகிப்போனார். உடனே மைக்கைப் பிடித்தார்.

"உலகப் போட்டியிலயே தோத்தவங்களுக்குன்னு கீழ்ச்சுற்று ஒண்ணு உண்டு. ரெண்டு தடவை தோத்தாத்தான் வெளியே. இங்கயும் அப்படித்தான்."

போட்டி அமைப்பு அனுப்பியிருந்த நடுவர் ஓர் இளம்பெண். "காலைல நாக்-அவுட்னு சொன்னீங்களே சார்?" என்றாள்.

"அது காலைல."

எல்லா அணித் தலைவர்களும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று விதியில் இடம் இருந்தது. தோற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஜெயித்தவர்களின் வாயை மெத்தைத் தள்ளுபடிக் கூப்பன் அடைத்தது. மகன் ஓடி வந்து, உயிர் உள்ளவரை இதை மறக்கமாட்டேன் அங்கிள் என்று கையைப் பிடித்துக்கொண்டான். முதலாளியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நெகிழ்ந்துவிட்டார், பாவம்.

கீழ்ச்சுற்றில் மகனின் அணி, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் தோற்றது.

உதவி மேலாளர் அசரவில்லை. மறுபடியும் மைக், மறுபடியும் கூப்பன். இனி சுவிஸ் முறை என்றார். எல்லாரும் முதலிலிருந்து ஆடவேண்டும், மூன்று முறை தோற்றவர்தான் வெளியே. அதுவரை எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருந்த அணியின் தலைவன் எழுந்து நின்றான்.

"அப்ப நாங்க இதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம்?"

"பயிற்சின்னு வச்சுக்குங்க."

இரண்டு அணிகள் கூப்பனைக் கிழித்துப் போட்டுவிட்டு, கீபோர்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. சோபா வாங்க வந்த தம்பதியிடம் இந்தச் சுற்று முடிந்ததும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஆடி ஆடிக் களைத்த ஓர் அணி, காட்சிக்கு வைத்திருந்த விலை உயர்ந்த மெத்தையில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டது. எழுப்பப் போன விற்பனையாளரை உதவி மேலாளர் கண்ணாலேயே தடுத்தார். அந்த ஆட்டம் மகனுக்கு வாக்-ஓவர், ஆடாமலே வெற்றி.

முதலாளி அவரைத் தனியே அழைத்தார். விதிப்படி யார் கெட்டிக்காரர்களோ அவர்களே போகட்டுமே, என் மகன் என்று பார்க்கவேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். இப்படியும் ஒரு மனிதரா என்று உதவி மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் மகனைக் கரையேற்றாமல் ஓய்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார்.

விட்டுப்போனவர்களும் தூங்கியவர்களும் போக, மகனின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வந்து, தோற்றது.

"இறுதி ஆட்டம்னா ஒண்ணோட முடியுமா? மூணுல ரெண்டு" என்றார் உதவி மேலாளர். அதிலும் தோற்றது. ஐந்தில் மூன்று என்றார். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எதிரணி படியிறங்கியது. நடுவர் பெண் தலையில் அடித்துக்கொண்டு, மகனின் அணியை வெற்றியாளராக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நண்பர்கள் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். முதலாளி நேராகக் காருக்குப் போய்விட்டார். அவர் மறந்துவிட்டுப்போன கைப்பையை எடுக்க டிரைவர் மேலே வந்தார்.

"முதலாளி எப்படி இருக்காரு?" என்று உதவி மேலாளர் ஆவலோடு கேட்டார்.

"பின்சீட்ல உக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு சார்."

"இருக்காதா பின்னே. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

டிரைவர் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னைக்குத் தோத்துட்டா இந்த விளையாட்டை விட்டுட்டுக் கடைக்கு வந்துடறேன்னு தம்பி சத்தியம் பண்ணியிருந்துச்சு சார், அதுக்காகத்தான் முதலாளி இந்தப் போட்டியையே வச்சாரு."