கிரேன்காரரின் கொழுப்பு இறங்கிய கதை

எழுதிவைத்த எந்த எண்ணையும் நம்பாத மனிதர் ஒருவர் இந்தப் பூமியில் பிறந்தார் என்றால், அது எங்கள் கிரேன்காரர்தான். எழுபதுகளில், மண்ணூர்பேட்டையை ஒட்டியிருந்த எங்கள் கம்பெனியில், முப்பதடி உயரத்தில் தொங்கும் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய நிஜப் பெயர் சம்பளத்தன்று மட்டும் காதில் விழும்.

கிரேனில் ‘5 டன்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும்.

“ஆறு தூக்கும் நைனா. எழுதறவன் எப்பவும் கொஞ்சம் கொறச்சித்தான் எழுதுவான். நாம பேராசைப்படுவோம்னு அவனுக்குத் தெரியும்” என்பார்.

ஆனால் அந்த ஆறை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. வேலையில் அவ்வளவு ஒழுங்கு. சோதனையெல்லாம் கிரேனுக்கு வெளியேதான். முகூர்த்தம் ஆறு முதல் ஏழரை என்று பத்திரிகை வைத்தால் ஒன்பதரைக்குப் போவார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “இன்னாப்பா, இவ்ளோ சீக்கிரம் முட்ச்சிட்டீங்க?” என்று வருத்தப்படுவார்.

ஒரு வருஷம் கம்பெனியில் வயதானவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கிரேன்காரருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று வந்தது.

“இதுக்கு எதுக்குய்யா ரத்தத்த எடுத்தாங்க? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார் ஃபோர்மேன்.

கொழுப்புக்கு மாத்திரை உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கம்பெனி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிரேன்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று என்று எழுதியிருக்கிறார் என்றால் மனதில் இரண்டு வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினார். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. மாத்திரை சீக்கிரம் தீர்ந்தபோது, டப்பா சாக்கடையில் விழுந்துவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

இந்தத் தெம்பில் ஞாயிற்றுக்கிழமை தலைக்கறியும் ஆட்டுக்குடல் போட்டியும் நிற்கவில்லை. “அது ஏத்தும், இது எறக்கும். நடுவுல நமக்கு இன்னா வேல?” என்று கேட்டார். ஸ்டோர்காரர் ஒரு போல்ட் தர மறுத்தபோது சட்டைப்பையிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டி, “நீ ஒண்ணு போட்டுக்க மாமே, உனக்குத்தான் ஜாஸ்தி கீது” என்றார். நல்லவேளை, ஸ்டோர்காரர் மாத்திரையையும் வாங்கவில்லை, போல்ட்டையும் தரவில்லை.

மூன்றாவது வாரம் தொடை வலித்தது. அவருடைய சம்சாரம் ரோஸம்மா எண்ணெய் தேய்த்துவிட்டு, “டாக்டராண்ட போய்ச் சொல்லு” என்று கெஞ்சியது. கிரேன்காரர் மசியவில்லை. அடுத்த வாரம் வலி கெண்டைக்கால்வரை வந்ததும் அவருக்குப் பரம சந்தோஷம்.

“பாத்தியா நைனா, கொழுப்பு எறங்கிகினு கீது. தொடையத் தாண்டிருச்சு. வெள்ளிக்கெழமக்குள்ள பாதத்து வழியா வெளிய பூடும்.”

வெள்ளிக்கிழமை கொழுப்பு போகவில்லை. கால்தான் போனது.

மத்தியானச் சங்கு ஊதியது. கொக்கியில் தொங்கிய கியர்பாக்ஸைப் பூப்போல இறக்கி வைத்தார். பிறகு கூண்டிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது.

“நைனா, காலு வர்ல.”

விளையாடுகிறார் என்று நினைத்தோம். இரண்டாவது முறை சொன்னபோது குரல் உடைந்திருந்தது. யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

கொக்கியிலேயே உட்காரவைத்து இறக்கிவிடலாம் என்றான் ஒருவன். “கொக்கில ஆள் ஏறக்கூடாது, ரூலு” என்று மேலிருந்து பதில் வந்தது. கடைசியில் மூன்று பேர் ஏறினோம். இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடிக்க, ஏணியில் நான் அவருக்குக் கீழே நின்று அவருடைய பாதத்தைத் தூக்கித் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். அந்த நிலையிலும் மனிதர் ஒரு கையை விடுவித்துக்கொண்டு, கீழேயிருந்து நாங்கள் கிரேனுக்குக் காட்டுகிற அதே சைகையை எங்களுக்குக் காட்டினார்: மெள்ள... நிறுத்து... கொஞ்சம் இறக்கு. தன்னையே ஒரு சரக்காக இறக்கிக்கொண்டார். முப்பதடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

தரைக்கு வந்ததும் என் காதில், “காலைலேர்ந்து ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல போவுது நைனா. ரோஸம்மாகிட்ட சொல்லாத” என்றார். நான் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டருக்கு முகம் மாறியது. “மாத்திர எத்தன போடறீங்க?”

“நீங்க எழுதினதுக்கு ரெண்டு பங்கு. எழுதறவங்க கொஞ்சம் கொறச்சித்தானே எழுதுவீங்க, டாக்டரு?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “மருந்து அதிகமாகித் தசையைக் கெடுத்திருக்கு. தசை கரைஞ்சு வர்ற கலர்தான் அது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும். வலி ஆரம்பிச்ச அன்னிக்கே ஏன் வரல?”

“கொழுப்பு எறங்குதுன்னு நெனச்சேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையை அப்போதே நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள். நாங்கள் ஆளுக்கு ஒருநாள் கட்டிலருகே இருந்தோம். ஸ்டோர்காரர் இரண்டு நாள் இருந்தார். மூத்திரம் பழைய நிறத்துக்குத் திரும்பிய காலையில் ரோஸம்மா வார்டு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போனது.

தேறிய பிறகு வேறு மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சமாக. ரத்தத்தை அடிக்கடி பார்த்தார்கள். இப்போது கிரேன்காரர் டாக்டருக்கு வேறுவிதமான தலைவலியானார். “இருமல் லேகியம் ஒண்ணு சாப்புடறேன், ஒத்துக்குமா? கெண்டைக்காலு லேசா இழுக்குது, நேத்து சைக்கிள் மிதிச்சதாலயா, மாத்திரையாலயா?” டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தலைக்கறி பற்றிய கேள்வியை மட்டும் கிரேன்காரர் கேட்கவே இல்லை. பதில் தெரிந்துவிடுமே என்ற பயம். அதைக் கேட்டு வந்தது ரோஸம்மா.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஏணியைப் பிடித்தார், மேலே பார்த்தார், ஏறத் தொடங்கினார். ஃபோர்மேன் ஏதோ ஆணியைத் தேடுகிறவர்போல ஏணியடியில் குனிந்து நின்றார். ஸ்டோர்காரர் ஸ்டோரைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தார். கிரேன்காரர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவரை எங்கள் ஷெட்டில் ஒரு மிஷினும் ஓடவில்லை. நிறுத்தச் சொன்னது யார் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.