சொதிப் பந்தியில் குதிரைக்காரி

திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்து, அல்வாக் கடையைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்த ஒரே மனுஷி குதிரைக்காரிதான். இதை நான் நாலு பேரிடம் விசாரித்து எழுதவில்லை. வேறு ஒருத்தி இருந்திருந்தால் எங்கள் தெரு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தெரு வண்ணார்பேட்டையில் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் நாங்கள் அங்கே குடிபோனோம். அடுத்த வீட்டில் தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வீட்டோடு இருந்தாள். இளையவள் மெட்ராஸில் கால்நடைத் துறையில் வேலை பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவள் பந்தயக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் மட்டுமே ஓட்டி வந்த மைதானம் அது. பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் விடிகாலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குவதற்குத்தான் அவளை விட்டார்கள். பந்தயத்தன்று வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். இருந்தாலும் எங்கள் மாவட்டத்திலிருந்து பந்தயக் குதிரைமேல் ஏறிய முதல் பெண் அவளே. இரண்டாவது பெண் இன்னும் வரவில்லை என்பதால் அந்த இடம் பத்திரமாக இருக்கிறது.

அப்பா மறைத்த விஷயம் தெருவுக்கு நன்றாகத் தெரியும். யார் கேட்டாலும் அவளே சொல்லிவிடுவாள். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் என்பதால் தெரு வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் தெரு காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

அக்காவின் கல்யாணத்துக்காக ஒரு வைகாசி மாதம் எட்டு நாள் லீவில் வந்தாள். என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். ஆகவே தொண்ணூற்று மூன்றாக இருக்க வேண்டும். வந்த அன்றே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"மைனி, ஒங்க வீட்டுல எடை பாக்குத மிஷின் இருக்கா?"

இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் பந்தயம். முதல் தடவையாக ஒரு குதிரை அவள் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. உடுப்பு, பூட்ஸ், சேணம் எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்தக் குதிரையில் வேறு ஆள் ஏறுவான்.

"அந்த ஆளு இப்பவே பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருக்கான் மைனி. நான் ஊருக்குப் போறேன்னதும் 'நல்லா சாப்பிட்டுட்டு வா'ன்னு சொல்லி அனுப்புதான்."

சேணம் முதலானவை இரண்டு கிலோ. மீதி நாற்பத்தெட்டுதான் அவள் இருக்கலாம். வந்த அன்று நாற்பத்தொன்பது. நடுவில் ஒரு கல்யாணம், அதுவும் திருநெல்வேலிக் கல்யாணம்.

எடை பார்க்கத் தெருமுனை விறகுக்கடைக்குப் போனோம். ஆளுயரச் சட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்குகிற பெரிய தராசு. ஒரு தட்டில் அவள் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மறு தட்டில் கடைக்கார அண்ணாச்சி படிக்கல்லை ஒவ்வொன்றாக வைத்தார்.

"எங்கிட்ட வாரவுக எல்லாம் எடை கூட நிக்கணும்னுதான் சண்டை போடுவாக. நீ ஒருத்திதான் கொறையணும்னு சாமி கும்பிடுதே" என்றார்.

நானும் மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். தடுப்பூசி போடும் நர்ஸ் அவள் அட்டையில் பென்சிலால் வைத்த புள்ளி, கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தது. அந்த ஒரு புள்ளியால் மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. விறகுக்கடைத் தராசில் குழந்தையை நிறுப்பது சரியா, தட்டில் கரித்தூள் இருந்தால் எடை கூடக் காட்டுமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, புடவைத் தலைப்பால் தட்டைத் துடைத்து உட்கார வைத்தேன். ஏழு கிலோ இருநூறு. நர்ஸ் சொன்ன அதே எடை. கரித்தூள்மேல் பழி போட வழியில்லை.

குதிரைக்காரி என் மகளின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள். முழங்காலை மடக்கி நீட்டினாள். முதுகைத் தடவினாள். இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எலும்பு நல்ல எலும்பு மைனி. இது ஓடுத ஜாதி. நீங்க இத வண்டி இழுக்குத ஜாதியோட சேத்துவச்சுப் பாத்துட்டு அழுதீய."

கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக. அதன் பிறகு சந்தோஷப்பட்டேன்.

எடை குறைக்க அவள் கண்ட வழி எளிமையானது. அப்பாவின் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. உச்சி வெயிலில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வருவாள். வைகாசி வெயிலில் தாமிரபரணியே மெலிந்து கிடந்தது. பாலத்தில் போன ஒரு டவுன் பஸ், தானாக நின்று அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவதாகச் சொன்னது.

சாயங்காலம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தலையணையைக் கட்டி, துண்டைக் கடிவாளமாகப் பிடித்து, பின்பக்கம் சுவரில் படாமல் அரை மணி நேரம் குனிந்தே நிற்பாள். சம்பந்தி வீட்டிலிருந்து முகூர்த்தப் புடவை கொண்டுவந்தவர்கள் ஒருநாள் இதை அண்ணாந்து பார்த்துவிட்டார்கள். ஹெட் கிளார்க் சாந்தமாகச் சொன்னார்: "டிபார்ட்மெண்டுல பரீட்சை வச்சிருக்காங்க."

மாப்பிள்ளை அழைப்பன்று மாப்பிள்ளை ஒரே ஒரு தரம் சிரித்தார். குதிரைக்காரி என் காதில் சொன்னாள்: "இருபத்தெட்டுன்னுதான சொன்னாவ? பல்லு முப்பத்தொண்ணு சொல்லுதே." நான் அவள் வாயைப் பொத்தினேன். பிற்பாடு பாஸ்போர்ட் எடுக்கும்போது முப்பத்தொன்று என்றுதான் வந்தது.

கல்யாணச் சாப்பாட்டில், பெண்ணின் தங்கை என்ற முறையில் அங்கும் இங்கும் ஓடி, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தப்பித்தாள். மறுநாள் மறுவீடு. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்ட சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். மூன்று தரம் சொதி ஊற்றிச் சாப்பிட்டால் ஒரு இலைக்கு ஒரு கிலோ என்பது அவள் மதிப்பு. அன்று காலை அவள் நாற்பத்தெட்டே கால். சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டும்.

பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா, இலையில் கை வைக்காமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொண்ணோட தங்கச்சி எங்கன? நேத்தும் பந்தில காங்கல. ஏட்டி, வந்து எம் பக்கத்துல உக்காரு. நீ ஒரு வாய் சாப்பிட்டாத்தான் நாங்க கை நனைப்போம்."

பிறகு அடுத்த இலைக்காரியிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். "எலும்பும் தோலுமா இருக்கா. வெயில்ல ஸ்வெட்டர் போட்டுட்டுத் திரியுதாளாம். நெஞ்சுல ஏதும் சீக்கோ என்னமோ. தங்கச்சிக்கு இருந்தா அக்காளுக்கு இருக்காதா?"

பந்தி முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. பெண்ணின் அம்மா சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். குதிரைக்காரி அக்காவையே பார்த்தாள். அப்புறம் போய்ப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது. சொதி விழுந்தது. பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவனை நான் நினைத்துக்கொண்டேன். எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவள் சோற்றில் கை வைக்கப் போனாள்.

"நில்லு, நில்லு!" என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் பெரியப்பா. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். இந்தக் கல்யாணத்தில் அதுவரை அவர் பேசியே நாங்கள் கேட்டதில்லை. "பொண்ணோட தங்கச்சிய உக்கார வச்சுட்டியளே! எங்க பக்கத்து மொறை என்னன்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

மாப்பிள்ளை வீட்டார் முறை என்று ஆரம்பித்தால் பெண் வீட்டார் மூச்சைக்கூட அனுமதி கேட்டுத்தான் விடுவார்கள்.

"பொண்ணோட தங்கச்சிதான் சொதி ஊத்தணும். கடைசி ஆளு கை கழுவுத வரைக்கும் உக்காரவே கூடாது."

"இது எப்ப இருந்து?" என்றார் பெரியம்மா.

"எங்க தாத்தா காலத்துல இருந்து."

"நான் வந்து முப்பது வருசமாச்சு. எனக்குத் தெரியாதே?"

"ஒனக்குத்தான் தங்கச்சியே கெடையாதே. எப்படித் தெரியும்?"

குதிரைக்காரி எழுந்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு சொதி வாளி. ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற வாளிகள். அவற்றோடு அரை ஓட்டத்தில் பந்தியை நாலு தடவை சுற்றினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அடங்காத குதிரையை இழுத்துப் பிடித்த கை.

பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சீக்குள்ள பிள்ளை இப்படித் தூக்குமா? நல்ல வம்சம்தான்" என்று தீர்ப்புச் சொல்லி, கை நனைத்தார். குதிரைக்காரிக்குப் போட்ட இலை வீணாகக் கூடாது என்று அதில் என்னை உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே ஒருதரம் சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் சாப்பிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் நான் மகளுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம மூணாவது பந்தயம். சாம்பல் குதிரை. நீதானம்மா?"

அவள் கையிலிருந்த செம்பு நழுவியது. "ஒங்களுக்கு எப்படி மாமா?"

"பந்தயப் புத்தகத்துல பேரு போட்டிருக்கான். போன வருசம் அந்தக் குதிரைய நான் பாத்திருக்கேன். கடைசி வளைவுல வெளிப்பக்கமா சாயும். சாய விட்டுராத." பிறகு என் பக்கம் திரும்பினார். "தாயி, நீ ஒண்ணும் கேக்கல. நான் வருசா வருசம் ஊட்டிக்குப் பூக் கண்காட்சி பாக்கத்தான் போயிட்டு வாரேன்."

பெரியம்மாவுக்கு, இது அச்சாகிற பத்திரிகையை வாசிக்கும் வழக்கம் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸுக்கு முன் கடைசித் தடவையாக விறகுக்கடை. சேணத்தோடு சேர்த்து ஐம்பதுக்கு உண்டான கற்களை அண்ணாச்சி வைத்தார். முள் நேராக நின்றது. "இதுக்கு மேல கொறைஞ்சா கல்லுல தப்புன்னு சொல்லிருவாக, சீக்கிரம் போ தாயி" என்று அவளை அனுப்பினார்.

திங்கட்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் முதல் நாலு குதிரைகள் மட்டும்தான் போட்டிருந்தது. அதில் அவள் பெயர் இல்லை. ஓட்டினாளா, எடை கூடிப்போய் வேறு ஆள் ஏறினானா, விழுந்தாளா? யாரைக் கேட்பது? கால்நடைத் துறை என்று சொல்லிக்கொண்டிருக்கிற அப்பாவிடம் கேட்க முடியுமா? புதன்கிழமை பெரியப்பா தம்பதி சமேதராக அடுத்த வீட்டுக்கு வந்தார். நான் ஒரு சாக்கு வைத்துப் போனேன்.

"பூவெல்லாம் எப்படி இருந்துச்சு மாமா?"

"எட்டுப் பூ தாயி. நம்ம பூ அஞ்சாவது."

"எடை?"

"சரியா ஐம்பது."

"கடைசியில சாயலையே?"

"சாயல. சாய விடல."

"பூ எதுக்குச் சாயணும்?" என்றார் பெரியம்மா.

"காத்து" என்றார் பெரியப்பா.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை குடும்பத்தில் இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டிலும் பெண்ணின் தங்கைதான் சொதி ஊற்றினாள். இரண்டாவது பெண்ணுக்குத் தங்கை இல்லை. ஒன்றுவிட்ட தங்கையைச் செங்கோட்டையிலிருந்து வரவழைத்தார்கள். முறை என்று வந்துவிட்டால் வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்த வருஷம் மெட்ராஸில் அவள் முதல் பந்தயம் ஜெயித்தாள். ஹெட் கிளார்க் தெரு முழுக்க அல்வா கொடுத்தார். மகளுக்குப் பதவி உயர்வு என்றார். நாங்களும் அப்படியா என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். அதற்கடுத்த வருஷம் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் மறுபடி ஏறிவிட்டதாக எனக்கு ஒரு கார்டு போட்டாள். ஏறியதைச் சொன்னாளே தவிர, விழுந்தபோது வலித்ததா என்று எழுதவில்லை.

நாங்கள் அந்தத் தெருவை விட்டு வந்துவிட்டோம். குதிரைப் பந்தயம் சூதாட்டம் என்கிறார் என் கணவர். அது சரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எந்த ஊரில் ஓட்டுகிறாள், ஓட்டுகிறாளா என்பதே எனக்குத் தெரிவதில்லை. ஆனாலும் பிள்ளைக்கும் அவருக்கும் பரிமாறிவிட்டு நான் காத்திருப்பேன். மூன்றரை மணிக்குத்தான் எனக்குத் தட்டு வைத்துக்கொள்வேன். அதற்குள் கடைசிப் பந்தயம் முடிந்து அவளும் ஏதாவது சாப்பிட உட்கார்ந்திருப்பாள்.