கோழி விஷயமாக அக்காவுக்கு ஒரு விளக்கம்

என்மேல் கோபமாக இருக்கும் அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் கழுத்துவலியும் நலம். அங்கு உன் நலத்தையும் அத்தானின் நலத்தையும் அறிய ஆவல். இரண்டு மாதமாக நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் படத்தில் வரும் கோழி நீ இல்லை. அது பொதுவான ஒரு கோழி. கையால் வரைகிற ஆறு நிமிடக் கார்ட்டூன் படத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் தாள் வரைய வேண்டும். அத்தனையிலும் அதே கோழி. அதற்கென்று ஒரு குணம் இல்லாவிட்டால் வரைகிறவனுக்கே தூக்கம் வந்துவிடும். முதலில் வரைந்ததைப் பார்த்து டைரக்டர், "அழகா இருக்கு, ஆனா உயிரே இல்லையேப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். நானும் கொண்டையைப் பெரிதாக்கினேன், மூக்குக்கண்ணாடி மாட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை, கடைசியில் அசந்துபோய்க் கை தானாக ஏதோ வரைந்ததில், கோழி கதவைப் பூட்டி, நாலு அடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி நாலு அடி போய், மறுபடி வந்து இழுத்தது. டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதில் என் குற்றம் என்ன சொல். பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

படம் போட்ட அன்று அத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அட, பூட்டை இழுக்கறதப் பாரு, அப்படியே நம்ம வீட்டம்மா" என்று அரங்கு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நீ விருட்டென்று எழுந்து போனாய். போனவள் அப்படியே போயிருக்கக் கூடாதா? நாலு அடி போய், எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பி வந்து நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாய். பிறகு மறுபடியும் வந்து பார்த்தாய். அப்போது எழுந்த சிரிப்பு படத்துக்கானது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

அதற்கப்புறம் உனக்காக மாற்றியும் பார்த்தேன் அக்கா. முந்நூறு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கோழியைத் திரும்பிப் பார்க்காமல் நேராக நடக்கவிட்டேன், ஸ்டுடியோவில் வண்ணம் பூசுகிற அம்மா, "கோழிக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சரி, என்னையே வைத்து வரையலாம் என்று கண்ணாடிமுன் உட்கார்ந்தேன். கோழி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது. நீ பேசாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே அந்தக் கோழி நீ இல்லை என்பதை நம்பி, ஒரு தடவை போனை எடுக்கவும். அத்தானுக்கு என் வணக்கத்தையும் வருத்தத்தையும் சேர்த்தே சொல்லவும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: அடுத்த படத்தில் எறும்புதான் நாயகி. ஒரு வாரமாக வரைகிறேன், உயிர் வரவில்லை. யாரை நினைத்து ஆரம்பித்தாலும் கை உன்னிடம்தான் வந்து நிற்கிறது. கோழியும் நீதான், வேறு யாரையும் இவ்வளவு வருஷம் பார்த்துக்கொண்டே நான் வளரவில்லை. பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போ. கோபம் தீரட்டும் என்று காத்திருக்காதே. கோபத்தில்தான் உன் நடை இன்னும் நன்றாக இருக்கிறது.